அக்கா எடுத்த முப்பத்தேழு வீடியோக்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு முப்பத்திரண்டுக்கு, அக்காவின் எதிர்க் கட்டடத்து நர்ஸம்மாவிடமிருந்து போன் வந்தது. வாளியில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்த நான், ஈரக் கையோடு எடுத்தேன்.

"துணியத் தொங்கவிட்டுட்டு நின்னுட்டே இருந்தேன்மா. பத்து நிமிஷம் ஆச்சு. அக்கா கையே காட்டல."

அவர் மேலே சொன்னதெல்லாம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒன்பது மாதமாக எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மணிக்கு அக்கா கை காட்டாமல் இருந்ததில்லை. நர்ஸம்மா எட்டு மாடி இறங்கி, அக்காவின் கட்டடத்தில் நாலு மாடி ஏறி, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்திருக்கிறார். சமையலறை ஜன்னலோர நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது. நாடி பார்த்தேன், இல்லை என்றார். இருபது வருடமாக எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய குரல்தான். ஆனாலும் அந்த "இல்லை"யை அவர் இரண்டு தடவை சொன்னார்.

அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அவள் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். காலர், கைமடிப்பு, பொத்தான் துளை, அக்குள் தையல் என்று கை ஓடும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை. "இதுல என்ன குறை?" என்று சண்டைக்கு வந்த மேஸ்திரிகள் உண்டு. அக்கா பதில் சொல்ல மாட்டாள், அம்பைத் தொட்டுக் காட்டுவாள். அவ்வளவுதான். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று உறவுக்காரர்கள் கேட்டால் மட்டும் நீளமாகப் பதில் வரும். "வந்த மாப்பிள்ளை எல்லாத்துலயும் எங்கயாவது ஒரு தையல் பிரிஞ்சிருந்துச்சு. நான் பாஸ் பண்ணாம அனுப்பிட்டேன்."

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபின் வேலையை விட்டாள். அதன் பிறகு கைத்தடிதான் துணை. லிப்ட் ஓடினால் கீழே வருவாள், ஓடாவிட்டால் ஜன்னல்தான் உலகம். அந்தக் குடியிருப்பில் இரண்டு கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். நடுவில் தெருவின் அகலத்துக்கு ஒரு பாதை. எதிர்க் கட்டடத்தின் கீழேதான் கேட். கேட்டை ஒட்டிப் பள்ளி வேன் நிற்கும். தினமும் காலையில் பதினைந்து, பதினாறு குழந்தைகள் அங்கே பையை முதுகில் சுமந்துகொண்டு காத்திருப்பார்கள்.

ஒரு நாள் அந்தக் குழந்தைகளில் ஒருத்தி, கேட்டருகே வெயிலுக்கு உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஒரு சிமெண்டுத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கை அளவு இருந்தது. "மேல இருந்து விழுந்துச்சு" என்றாள், பூ விழுந்தது என்பதுபோல.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். எட்டாவது மாடி ஜன்னலுக்குக் கீழே, மழைத் தண்ணீர் வழியாமல் இருக்க நீட்டிக் கட்டிய சிமெண்டுப் பலகை, சன்ஷேடு, கேட்டின் தலைக்கு நேர் மேலே துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஐம்பத்தாறு வயதுக் கண். அதனால் போனை எடுத்தாள்.

அந்தப் போனை வாங்கியபோது நான் கூட இருந்தேன். கடைக்காரர் கேமராவைத்தான் பெரிதாகப் பேசினார். நூறு மடங்கு ஜூம், நிலாவில் இருக்கிற பள்ளம்கூடத் தெரியும் என்றார். "நிலாவ வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எதிர் வீட்டுச் சுவரு தெரியுமா?" என்றாள் அக்கா. அன்று சிரித்தோம்.

எதிர் வீட்டுச் சுவர் தெரிந்தது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, சன்ஷேடைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பலகை சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தை விரிசல் தொட்டுவிட்டால், பலகைக்குப் பிடிமானம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டாம். தையல் அடியிலிருந்து பிரிந்தால் பை அறுந்து விழும், அவ்வளவுதான் என்றாள்.

விரிசலை மட்டும் பெரிதாக்கி நாலு படம் எடுத்து, கடையில் பிரிண்டு போட்டு, மிச்சம் வைத்திருந்த சிவப்பு அம்புகளை ஒட்டி, அசோசியேஷன் கூட்டத்துக்கு எடுத்துப் போனாள். செக்ரட்டரி, அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகள் விற்பனைக்கு இருந்தன. விரிசல் என்ற சொல் வெளியே போகக் கூடாது என்பது அவர் கவலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பராமரிப்பு என்று நம்புகிறவர். அக்கா அவருக்குப் 'பெயிண்ட் டப்பா' என்று பெயர் வைத்திருந்தாள்.

அவர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தச் சுவர் என்று கேட்டார். எங்கேயோ எடுத்த சுவரைக் கொண்டுவந்து நம் சுவர் என்றால் எப்படி நம்புவது? படத்தில் ஜன்னல் இல்லை, கேட் இல்லை, கட்டடத்தின் பெயர் இல்லை. அக்கா படங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் போனில் சொன்னாள்: "தப்பு என்மேலதான்டி. பழக்கதோஷம். ஃபேக்டரியில சட்டை மேஜை மேலயே கிடக்கும், ஓட்டைய மட்டும் காட்டுனா போதும். இங்க சட்டையவே காட்டாம ஓட்டையக் காட்டியிருக்கேன்."

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வீடியோ எடுத்துப் போனாள். கேட்டிலிருந்து ஆரம்பித்து, பெயர்ப்பலகையைக் காட்டி, மாடி மாடியாக மேலேறி, எங்கேயும் நிறுத்தாமல், விரிசலுக்குப் போய், கடைசியில் ஜூமை அது போகும்வரை இழுத்துவிட்டாள். கூட்ட அறையின் டிவியில் போட்டார்கள். மாடிகள் ஏறின. ஜன்னல் வந்தது. விரிசல் ஒரு நூலாகத் தெரிந்தது. பிறகு ஜூம் போகப்போகச் சுவர் கலங்கி, மெழுகி, வழவழவென்று ஆகிவிட்டது. விரிசல் இருந்த இடத்தில் புதுச் சுவர் மாதிரி ஒன்று நின்றது.

அதே குடியிருப்பில் இருந்த பள்ளி வேன் டிரைவர் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "அக்கா, உங்க போனு செவுத்துக்கு மேக்கப் போட்டுருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். செக்ரட்டரி சிரிக்கவில்லை. அவர் பெரிய மனிதராக, "வயசானா இப்படித்தான், விடுங்க" என்றார். அதுதான் அக்காவைச் சுட்டது.

அன்று நானும் ஒரு வார்த்தை சொன்னேன். ஊரார் பிள்ளையைப் பற்றி உனக்கென்ன கவலை, உன் இடுப்பைப் பார்த்துக்கொள், தலைவலி எதற்கு என்றேன். மூன்று வாரம் அவள் என் போனை எடுக்கவில்லை. நாலாவது வாரம் நானே போனேன். சமையலறை மேஜைமேல் போன் நின்றுகொண்டிருந்தது. பழைய மரக்கட்டை இரண்டு, துணி கிளிப் மூன்று, ரப்பர் பேண்டு. அவளே கட்டிய ஸ்டாண்டு. சாந்தமாக, வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குப் பாடம் எடுப்பதுபோல, விளக்கினாள்.

நூறு மடங்கு என்று கடைக்காரர் சொன்னது பாதி வாய்ச்சவடால். மூன்று மடங்குவரைதான் போன் உண்மையிலேயே கண்ணால் பார்க்கிறது, அதற்கென்று தனி லென்ஸ் இருக்கிறது. அதற்கு மேலே இழுத்தால் இருக்கிற படத்தையே ரப்பர் மாதிரி இழுக்கிறது. இழுத்த இடத்தில் ஓட்டை விழுந்தால் தானே ஏதோ இட்டு நிரப்பிக்கொள்கிறது. "தெரியாதத தெரியாதுன்னு சொல்ல மாட்டேங்குது. செக்ரட்டரி மாதிரி" என்றாள். ஆகவே மூன்றோடு நிறுத்த வேண்டும். விரலை விரித்து இழுக்கக் கூடாது, அந்த மூன்று என்ற எண்ணைத் தட்ட வேண்டும். வீடியோவின் அளவை செட்டிங்கில் போய்ப் பெரிதாக்க வேண்டும், போன் நிரம்பினால் நிரம்பட்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் கேமரா அந்த இடத்தைவிட்டு அலையாது. வெயில் சுவரின் பக்கவாட்டில் விழும் நேரம் காலை ஏழு மணி. அப்போது விரிசலுக்கு நிழல் விழும், மெல்லியதுகூடக் கறுப்பாகத் தெரியும். கை ஆடினால் அந்த வீடியோ செல்லாது. நிறுத்திவிட்டு, கேட்டிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"அந்தச் சிரிப்புதான்."

விரிசல் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அது நகர்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு அளவு வேண்டும். தையல்காரர் டேப் இருபது மீட்டருக்கு அப்பால் தெரியாது. எனவே ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துணிப்பட்டை தைத்தாள். ஒரு அங்குலம் சிவப்பு, ஒரு அங்குலம் கறுப்பு, மறுபடி சிவப்பு. மொத்தம் பதினான்கு கட்டங்கள். எட்டாவது மாடி ஜன்னலின் அடிவிளிம்பிலிருந்து சன்ஷேடு வரை சரியாகப் பதினான்கு அங்குலம். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த நர்ஸிடம் கேட்டருகே பேச்சுக் கொடுத்தாள். நர்ஸம்மா அசோசியேஷனுக்குப் பயப்படவில்லை. "நான் தினமும் டாக்டருங்களையே பார்க்கிறேன், செக்ரட்டரியப் பார்த்தா பயப்படப் போறேன்?" என்றாராம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு விரிசலுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டையைத் தொங்கவிடுவார். எடுத்து முடித்ததும் அக்கா ஜன்னலிலிருந்து கை காட்டுவாள். அவர் சுருட்டி எடுத்துக்கொள்வார்.

முதல் வீடியோவில் விரிசல் ஆறாவது கட்டத்தில் நின்றது.

ஒவ்வொரு வீடியோவும் ஒரே மாதிரிதான். ஒன்றரை நிமிடம். அக்காவின் குரல் அதில் இருக்கிறது, சட்டை எண்ணுகிற குரல். "இன்னிக்கு ஞாயிறு. மணி ஏழு. இது கேட்டு. இது பேர்ப்பலகை. ஒண்ணு. ரெண்டு. மூணு." மாடிகளை எண்ணிக்கொண்டே போன் மெதுவாகத் தலையைத் தூக்கும். எட்டு என்றதும் ஒரு கணம் நிற்கும். மூன்றைத் தட்டுவாள். பட்டையும் விரிசலும் பக்கத்தில் வரும். "செவப்பு, கறுப்பு, செவப்பு, கறுப்பு, செவப்பு, கறுப்பு. ஆறு." முடிந்தது. ஒரு குறிப்பேட்டில் தேதி, எண், அளவு. ஒரு கையெழுத்து, செக்கர்கள் போடுவதுபோல சின்னதாக.

இதற்கு நடுவே கயிற்றுச் சண்டை ஒன்று நடந்தது. விரிசல் எட்டைத் தொட்ட வாரம், அக்கா துணி காயப்போடும் கயிற்றை எடுத்துப்போய், குழந்தைகள் பலகைக்கு அடியிலிருந்து ஒதுங்கி நிற்கும்படி கேட் தூணுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே கட்டினாள். நடுநடுவே சிவப்புத் துணி. செக்ரட்டரி ஆள்விட்டு அறுத்தார். மறுநாள் கட்டினாள். அறுத்தார். இரண்டு வாரம் இப்படியே போனது. "நான் முடிச்சுப் போட்டா அவுக்கக்கூடத் தெரியாம அறுக்குறாங்க. ஃபேக்டரியில இருந்தா இவங்கள எல்லாம் கட்டிங் செக்ஷனுக்குத்தான் போட்டிருப்பேன்" என்றாள். வேன் டிரைவர் கயிற்றைப் பார்த்து ஹாரன் அடிப்பார். அக்கா கைத்தடியைத் தூக்கிக் காட்டுவாள். கடைசியில் அறுக்கிறவர்களுக்குச் சலித்தது. அவளுக்குச் சலிக்கவில்லை. ஆனால் பாதிக் குழந்தைகள் கயிற்றைத் தாண்டி நிழலில்தான் நின்றார்கள். நிழல் அந்தப் பலகையின் நிழல்.

இருபத்தொன்பதாவது வாரம் அவளைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். நானும் போனேன். இந்தமுறை விரிசலைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்தவர் வீட்டு ஜன்னலை வீடியோ எடுக்கிறாள், பெண்கள் இருக்கிற வீடு, மூன்று மடங்கு பெரிதாக்கி எடுக்கிறாள், இது அநாகரிகம் என்று குற்றச்சாட்டு. நர்ஸம்மா எழுந்து அது தன் ஜன்னல், தன் சம்மதம் என்றார். வாடகைக்கு இருப்பவர் பேசக் கூடாது என்று உட்காரவைத்தார்கள். செக்ரட்டரி கையை நீட்டினார். எல்லோர் முன்னிலையிலும் அந்த வீடியோக்களை அழிக்க வேண்டும் என்றார். குரல் உயரவில்லை. அவர் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார்.

அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். போன் அவள் கையில் இருந்தது.

"அழிச்சிடறேன் சார். நீங்க முதல்ல விரிசல அழிங்க. பெயிண்ட் இல்ல, விரிசல. அது அழிஞ்ச அடுத்த நிமிஷம் இதுவும் அழியும்."

"மிரட்டறீங்களா?"

"செக் பண்றேன். இருபத்திரண்டு வருஷம் சட்டைய செக் பண்ணேன், ஒரு சட்டை திரும்பி வந்தா யாரும் சாகப் போறதில்ல. அப்பவே நான் பாஸ் போடல. இதுக்குப் போடுவேனா?"

யாரும் சிரிக்கவில்லை. வேன் டிரைவரும் சிரிக்கவில்லை. அக்கா மெதுவாக நடந்து வெளியே வந்தாள். நடக்க நேரம் ஆனது. லிப்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கால் நடுங்குதுடி" என்றாள். "பயமா?" என்றேன். "இடுப்பு" என்றாள். நான் நம்பினேன்.

அவர்கள் எதுவும் செய்யவில்லை. அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். மாநகராட்சிக்கு இரண்டு தடவை கடிதம் போட்டாள், பதில் வரவில்லை. முப்பத்தேழாவது வீடியோவில் விரிசல் பதினோராவது கட்டத்தைத் தாண்டிப் பாதியில் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் செக்ரட்டரி வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷி என்றார். பிறகு, இனிமேல் அந்தக் கயிற்றை எடுத்துவிடலாம் இல்லையா என்று மென்மையாகக் கேட்டார்.

நான் சண்டை போடத் தெரியாதவள். அக்கா சண்டை போட்டதால் எனக்கு அந்தத் தேவை வந்ததில்லை. அன்று மட்டும், "கயிறு எங்க அக்காவோடது சார். எடுக்கணும்னா நான்தான் எடுக்கணும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கேட்டுக்குப் போனேன். கயிறு ஒரு பக்கம் தளர்ந்து தொங்கியது. வேன் வந்தது. வழக்கமான இடத்தில் நிற்காமல் எதிர்ப்புறம், அக்காவின் கட்டடத்துப் பக்கம் போய் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல், கயிற்றை இறுக்கிக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, இரண்டு தடவை போட்டார். "அக்கா போட்ட மாதிரி வராது" என்றார். குழந்தைகளை அவரே பாதையைக் கடந்து கூட்டிப்போனார். அன்றிலிருந்து வேன் அங்கேதான் நிற்கிறது.

அன்றே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மணி நேரம் பெஞ்சில். கடைசியில் ஒரு இன்ஜினியர் அம்மா, சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவர், ஐந்து நிமிஷம்தான் என்றார். நான் எதையும் விளக்கவில்லை. முதல் வீடியோவைப் போட்டேன். அது முடிந்ததும் இரண்டாவது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆறு, ஆறு, ஆறரை, ஏழு. அக்காவின் குரல் அந்த அறையில் மாடிகளை எண்ணிக்கொண்டே இருந்தது. இருபதாவதில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஓரமாக வைத்தார். முப்பத்தொன்றாவதில் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு யாருக்கோ போன் போட்டார். பிறகு மிச்சத்தையும் பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

"எங்க அக்கா."

"என்ன வேலை பார்த்தாங்க?"

"செக்கர்."

மறுநாள் இரும்பு முட்டு கொடுத்து, கீழே வலை கட்டி, கேட்டை மூடினார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு பேர் சாரத்தில் ஏறிச் சுத்தியலால் தட்டினார்கள். மூன்றாவது தட்டுக்கே பலகையின் ஒரு முனை கையோடு வந்தது. சுவருக்குள் இருந்த கம்பி துருவாகி, தீக்குச்சிப் பருமனுக்கு மெலிந்திருந்தது. செக்ரட்டரி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கூடையில் இறங்கி வந்த முதல் துண்டில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு வந்தேன்.

அறிக்கைக்காக இன்ஜினியர் அம்மா ஒரு படிவம் கொடுத்தார். தேதி, எண், அளவு. அக்காவின் குறிப்பேட்டைப் பார்த்து முப்பத்தேழு வரிகளை நிரப்பினேன். முப்பத்தெட்டாவது வரிக்கு, அந்தக் கடைசி ஞாயிற்றின் தேதியை மட்டும் அக்கா குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தாள். பலகையை உடைத்தாகிவிட்டது, இனி அளக்க வழியில்லை. உத்தேசமாகப் பன்னிரண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை என்றார். மாட்டேன் என்றேன். பார்க்காததை அக்கா ஒருநாளும் எழுதியதில்லை. அவள் பெயரில் நானும் எழுத மாட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. அந்த வரி காலியாகவே போயிற்று.

அந்த ஞாயிற்றின் வீடியோ போனில் இருக்கிறது. பதினான்கு நொடி. கேட் வருகிறது, பெயர்ப்பலகை வருகிறது. ஒண்ணு, ரெண்டு என்று ஆறு வரை எண்ணுகிறாள். படம் லேசாகச் சாய்கிறது. "கை ஆடிருச்சு. மறுபடி எடுக்கணும்" என்று சொல்லி நிறுத்துகிறாள். அதற்குப் பிறகு அந்தப் போனில் வேறு வீடியோ இல்லை.